வலிக்காமல் பார்த்துக்கொண்டேன்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள். போனில் உன் குரலைக் கேட்டால் என் நாக்கு தானாகப் புரண்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

அம்மாவின் வலது காலில் கட்டி மறுபடி வந்துவிட்டது. முழங்காலுக்கு மேலே, அதே எலும்பு. ஆபரேஷனும் முடிந்துவிட்டது. பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்றேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒருத்தி அவ்வளவு குளித்தால் தோலே கரைந்திருக்கும். உனக்குச் சந்தேகம் வராதது என் அதிர்ஷ்டம்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கட்டியைச் சுரண்டி எடுத்து, எலும்பில் விழுந்த குழியில் அதற்கென்று உள்ள சிமென்ட் அடைத்து அனுப்பும்போதே டாக்டர் எச்சரித்தார். இது புற்றுநோய் இல்லை, ஆனால் திரும்பி வரக்கூடியது, காலை ஊன்றும்போது வலித்தால் உடனே வாருங்கள் என்றார். நானும் தலையைத் தலையை ஆட்டினேன். ஆனால் கடையில் தையல் மிஷினை மிதிக்கும்போது அவள் முகம் சுளித்ததைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடவில்லை, மோட்டார் வாங்க ஓடினேன். தையல்காரன் புத்தி வேறு எங்கே போகும்? இடது காலால் லேசாகத் தொட்டாலே மிஷின் ஓடியது. முக்காலியை உயர்த்தினேன். துணி வெட்டும் மேஜையை அவள் கைக்கு எட்டும்படி இழுத்துப் போட்டேன். அவளுக்கு வலிக்கவே இல்லை, எனக்கோ ஒரே பெருமை. டாக்டர் சொல்லியிருந்த எக்ஸ்ரே எடுக்கும் நாள் வந்தபோது, வலிதான் இல்லையே, பள்ளி யூனிஃபார்ம் சீசன் முடியட்டும் என்றேன். அவளும் சரி என்றாள்.

சீசன் முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்க எழுந்தவள் கால் மடங்கி விழுந்துவிட்டாள். கட்டி உள்ளே அரித்து எலும்பு விரிசல் விட்டிருந்தது. இனிச் சுரண்டினால் போதாது என்று மூட்டோடு வெட்டி எடுத்து உலோக மூட்டு பொருத்தினார்கள். டாக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஊன்றும்போது வலிக்கவில்லையா என்று அவளைத்தான் கேட்டார். "இவரு எங்க, டாக்டர், என்னைக் கால் ஊன விட்டாரு" என்று சிரித்தாள் உன் அம்மா. என்னை மெச்சித்தான் சொன்னாள்.

இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். முழங்காலை மடக்கிப் பழகாவிட்டால் அப்படியே விறைத்துப்போகுமாம். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், பார்க்கச் சாது, பிடித்தால் உடும்புப்பிடி. அவள் மடக்க மடக்க அம்மா தலையணையைக் கடித்துக்கொள்கிறாள். நேற்று பொறுக்கமாட்டாமல், போதும் விட்டுவிடுங்கள் என்று குறுக்கே போய் நின்றேன். அம்மா என்னை அறையை விட்டே துரத்திவிட்டாள். பிறகு கூப்பிட்டாள்.

"எனக்கு வலிக்கக் கூடாதுன்னு நீங்க பண்ணது போதும். நம்ம பொண்ணுகிட்டயும் அதையே பண்ணாதீங்க. உட்கார்ந்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். கட்டி இனியும் வரலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறார். எந்தச் சீசனாக இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவேன். நீ கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

ஒன்றுதான் தாங்க முடியவில்லை. பட்டன் ஒன்று மாறித் தைத்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள், இதற்கு என்னை அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் தேவலை. அவள் செய்யமாட்டாள், நீ செய். போனில் திட்டினால் எனக்கு உறைக்காது. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. லீவு கிடைத்ததும் வந்து, என் எதிரில் உட்கார்ந்து, மனசாரத் திட்டிவிட்டுப் போ.

உன்
அப்பா