வெண்டலின் பெயர்ச்சுருள்

மார்ச் 3

நண்பன் வெண்டலின் பெயர்ச்சுருளில் ஓரக்கிழிசலைத் தைத்து முடித்தேன். பழைய சுரங்கப்பாதை ரயிலின் நெற்றியில் போகும் ஊரைக் காட்டிய கறுப்புத் துணிச்சுருள். அவன் ஓட்டிய ரயிலிலிருந்து வந்தது. முழுசாக இருக்கிறது. பழைய ரயில் சாமான் சேர்க்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெட்டிய சுருளை மேசையிலேயே வைக்க விடமாட்டான். “வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு விக்கிறவன்லாம் கசாப்புக்காரன்யா.”

அவனுக்கு இப்போது கண் தெரிவதில்லை. வைத்தியர்களும் கைவிட்டுவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை சுருள்பெட்டியின் கைப்பிடியை அவன் சுற்ற, நான் ஊர்களை வாசிக்க வேண்டுமாம். முதலிலிருந்து முடிவு வரை, நடுவில் நிற்காமல். அது எங்கள் கூட்டத்தின் வழக்கம்.

சுருளை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

எனக்கு எண்பது. மகள் ரெனா பேகல் ரொட்டியும் புகையிட்ட மீனும் வாங்கி, உறவினர் எல்லோரையும் அழைத்திருந்தாள். சாப்பிட்டபின் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தால் கண்ணாடிச் சட்டம். உள்ளே கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து. கோனி ஐலண்ட். சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்.

“அலமாரில சுருண்டு கெடந்துச்சுப்பா. ஊர் ஊரா வெட்டிச் சட்டம் போட்டுட்டேன். இனி எல்லார் வீட்டுச் சுவத்துலயும் உங்க ஞாபகம் இருக்கும்.”

“ரொம்ப அழகா இருக்கும்மா” என்றேன்.

மார்ச் 10

அழகா இருக்கு என்றா சொன்னேன்?

மார்ச் 12

வெண்டல் தொலைபேசியில் கூப்பிட்டான். மூச்சு வாங்குகிறது. “யோவ் வாத்தியாரே, லத்தீன் சொல்லிக்குடுத்த வாய் ஊர் பேரு வாசிக்கத் தயாரா? ஞாயித்துக்கிழமை வந்துடு. அதுக்கு மேல எனக்குத் தாங்காது.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல — நான் என்ன மனிதன்?

மார்ச் 13

ரெனாவிடம் சொல்லிவிட்டேன், அது என்னுடையதல்ல என்று. “ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?” என்று அழுதாள். மாலைக்குள் வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவந்தாள். ஒன்று மட்டும் இல்லை. ‘கனார்சி’. அதைத் தன் மேலதிகாரிக்குக் கொடுத்திருக்கிறாள். அலுவலக வரவேற்பறையில் மாட்டிவிட்டாராம்.

“அவர்கிட்ட எப்படிப்பா திருப்பிக் கேக்கறது?”

“வேண்டாம்மா, கேக்காதே” என்றேன்.

வெண்டலின் வீடு கனார்சியில்.

மார்ச் 15

துண்டுகளைச் சேர்த்துத் தைத்தேன். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் ஒவ்வொரு தையலும் தடித்துவிடுகிறது.

மார்ச் 16

அவன் மனைவி அயோனி தலையணை வைத்து அவனை நிமிர்த்தி உட்கார வைத்தாள். சுருளைப் பெட்டியில் மாட்டினேன். சுற்றத் தொடங்கினான், நான் வாசித்தேன். ஒவ்வொரு தையலிலும் கைப்பிடி இடறியது. அவன் தொடர்ந்து சுற்றினான். கனார்சி வரவேண்டிய இடத்தில், அவன் அடுத்த சுற்று சுற்றுமுன், துணியில் இல்லாத பெயரை, மற்றவற்றைப் போலவே சத்தமாக வாசித்தேன்.

அவன் கை கைப்பிடியிலேயே நின்றது.

“நான் இன்னும் சுத்தவே இல்லையேய்யா.”

விரலைத் துணிமேல் வைத்து, ஒரு தையலைத் தடவினான். அடுத்ததையும்.

“எக்ஸ்பிரஸ்னு சொல்லி ஏத்திட்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்தினே. சரி போவுதுன்னு உக்காந்திருந்தேன். என் ஸ்டேஷன்ல மட்டும் நிக்காம போறியே, வாத்தியாரே.”

பிறகு மிச்சத்தைச் சுற்றினான். வாசித்து முடித்தேன். அயோனி தேநீர் கொடுத்தாள்; குடித்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மார்ச் 19

விடியலில் போய்விட்டானாம். அயோனி சொன்னாள்.

மார்ச் 21

அடக்கம் முடிந்து, அதே கறுப்புக் கோட்டோடு ரெனாவின் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி இளைஞர். கேட்டேன்.

“அட, இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? எடுத்துக்குங்க சார்.” அவரே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அன்றே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

மார்ச் 22

கனார்சியை அதன் இடத்தில் வைத்துத் தைத்தேன். தனியாக உட்கார்ந்து, முதலிலிருந்து சுற்றி, உரக்க வாசித்தேன். கனார்சி வந்தது. வாசித்தேன்.

அதற்கு மேல் சுற்றவில்லை.