விமலா வெட்டிய பட்டு நூல்

செவ்வாய், இரவு.

இன்றும் விமலாதான் ஜெயித்தாள். எங்கள் பட்டறைக்கு அவள் வந்தது போன தையில். நான் வருடக்கணக்காகப் பேட்டரி ஆட்டோ கண்ட்ரோலர் பழுது பார்க்கிறவன்.

ஐயம்பேட்டை ஆட்டோ மறுபடியும் வந்து நின்றது. கண்ட்ரோலருக்குள் ஆறு ட்ரான்சிஸ்டர்கள் வரிசையாக நின்று மோட்டாரின் கரண்ட்டைப் பங்குபோட்டுத் தாங்க வேண்டும். எத்தனை முறை மாற்றினாலும் முதலாவது மட்டும் கருகுகிறது. ஒரே மாதிரி ஆறை நானே அளந்து பொறுக்கிப் போட்டேன். அப்படியும் கருகியது.

விமலா எட்டிப் பார்த்தாள். "ட்ரான்சிஸ்டர்ல தப்பு இல்லண்ணா. பேட்டரி வயரும் மோட்டார் வயரும் ஒரே ஓரத்துல இருக்குது. அந்த ஓரத்துல இருக்கிறதே முக்காவாசி கரண்ட்ட இழுத்துக்கினு வேகுது."

இரண்டு வயரையும் ஒரே ஓரமாகக் கொண்டுவந்து, வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் கட்டியது நான். அந்தக் கட்டைப் பார்த்து மெச்சாதவர் இல்லை. அவள் அதை வெட்டி, ஒரு வயரை எதிர் ஓரத்துக்கு மாற்றினாள். இப்போது எந்த ட்ரான்சிஸ்டர் வழியாகப் போனாலும் கரண்ட்டுக்குத் தூரம் ஒன்றுதான். ஆட்டோ நிறைய ஆள் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஆறும் ஒரே அளவாகத்தான் சூடாகியிருந்தன.

"இனிமே கண்ட்ரோலர் எல்லாம் நீயே பாத்துக்கோமா" என்றார் முதலாளி. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கண்ட்ரோலர் மூடியைப் போடுமுன் விமலா என்னிடம் வந்தாள். "உங்கள மாதிரி அழகா கட்ட எனக்கு வராதுண்ணா. வயர நீங்களே கட்டிக் குடுங்க."

"நூல் தீந்துபோச்சும்மா" என்றேன்.

நூல்கண்டு என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.