அத்தா போட்ட கோடு

திருச்சி
ஜூலை 22

அன்பு மகன் தாஹாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நலம், அத்தாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தோஹாவில் உன் உடம்பும் வேலையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எனக்கும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலச் சொல்ல வருவதில்லை, அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு மஹ்ஜபீனின் தம்பி அங்கே திரும்புகிறார், அவர் கையில் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். நான் எம்.ஏ. சேர்ந்துவிட்டேன். முதல் தாளே இஸ்லாமிய நாகரிக வரலாறு. கூடப் படிக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வைஷ்ணவி, உங்களுக்கு இது சொந்த வீட்டுப் பாடம்க்கா, படிக்கவே வேணாம் என்கிறாள். படிக்கப் படிக்கத்தான் எவ்வளவு தெரியாது என்று தெரிகிறது.

போன மாதம் நீ ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்தியை நானும் பார்த்தேன். போனில் திசை பார்த்துவிட்டு, நம் தெருப் பள்ளிவாசலின் தொழுகை வரிசைக் கோடு இருபது டிகிரி தப்பு, பதினாறு வருஷத் தொழுகையும் வேஸ்ட், கோடு போட்ட ஆளுக்கு மக்காவை நோக்கும் கிப்லா எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதா என்று எழுதியிருந்தாய். அந்தக் கருப்புக் கல் கோட்டைப் போட்டவர் உன் அத்தா. அப்போது உனக்கு ஐந்து வயது, நினைவிருக்காது. பள்ளிக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று ரமலானுக்கு முன் பதினொரு நாள் உட்கார்ந்து, மேற்குச் சுவரிலிருந்து நூல் பிடித்துப் போட்டார். குரூப்பில் சண்டை போட்ட அத்தனை பேருக்கும் இது தெரியும், ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை.

அத்தாவும் அதைப் படித்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து, விட்டுப்போன தொழுகையை ஈடுசெய்வதுபோல வீட்டில் இன்னொரு முறை தொழ ஆரம்பித்தார். பதினாறு வருஷத்துக்கும் தொழுது தீர்ப்பதாகக் கணக்கு. முழங்கால் வீங்கிவிட்டது. பள்ளியில் முன்வரிசையை விட்டுச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாராம், மஹ்ஜபீனின் வீட்டுக்காரர் சொன்னதாக அவள் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் டைல்ஸ் போடும் வீட்டில் வெங்கட்ராகவன் சார், பூஜை ரூம் கிழக்கு பாத்து சரியா வருதா பாய் என்று கேட்டதற்கு, திசையைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிறகு என்னிடம், என் தொழுகை போனாப் போவுது சுராயா, ஊர்த் தொழுகையெல்லாம் என் கழுத்துல நிக்குதே என்றார். அதுதான் அவருடைய பயம்.

வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும், அந்த நிமிஷத்தில் எங்கே நிழல் விழுந்தாலும் அதற்கு எதிர்ப்பக்கம் கிப்லா என்று பாடத்தில் படித்திருந்தேன். ஜூலை பதினாறு, நமக்குப் பிற்பகல் இரண்டு ஐம்பத்தேழு. அத்தாவை மாடிக்குக் கூப்பிட்டேன். நூலில் கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு காற்றில் ஆடியது, அவரே ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டை இறக்கி ஆட்டத்தை நிறுத்தினார். நூலின் நிழலில் சாக்பீஸால் கோடு போட்டு, பள்ளிச் சுவர் இருக்கும் திசைக்கு இன்னொரு கோடு போட்டு டேப்பால் அளந்தார். பத்தடிக்கு நாலடி விலகுது, ரெண்டு அங்குலம் கம்மி என்றார். நீ சொன்ன இருபது டிகிரி சரிதான் தாஹா, அதை மறைக்கவில்லை. அவர் அங்கேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததை அப்போதுதான் சொன்னேன். ஸ்பெயினில் கொர்தோபாவின் பெரிய பள்ளி கிழக்கே பார்க்க வேண்டியது, ஏறக்குறையத் தெற்கே பார்க்கிறது. கெய்ரோவில் தெருவுக்குத் தெரு கோணம் மாறுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கணிதக்காரர்கள் திசையைக் கணக்குப்போட்டுச் சொன்னார்கள், அதற்காக யாரும் பழைய பள்ளிகளை இடிக்கவில்லை, அதில் தொழுதவர்களைக் குற்றம் சொல்லவும் இல்லை. நபிகள் காலத்தில் மதீனாவை அடுத்த குபாவில் விடியற்காலைத் தொழுகையின் நடுவில் ஒருவர் வந்து, கிப்லா ஜெருசலேமிலிருந்து மக்காவுக்கு மாறிவிட்டது என்றபோது, நின்றவர்கள் நின்றபடியே திரும்பினார்கள். அத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதுக்கு முன்னாடி தொழுத பாதி? அதை யாரும் திருப்பித் தொழவில்லை என்றேன். நீயா சொல்றியா, புக்குல இருக்கா என்றார். புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத் கூடியது. நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தை அத்தா பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் கொடுக்க, அவர் சத்தமாக வாசித்துவிட்டு, தூரத்தில் இருப்பவர்களுக்குத் திசை ஏறக்குறைய இருந்தால் போதும், தொழுதது தொழுததுதான், இனி தெரிந்தபடி நிற்போம் என்றாராம். யார் எழுதுனது என்று கேட்டதற்கு அத்தா, வீட்டுல என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதும். சுவர் அப்படியே இருக்கும், புதுக் கோடு சாய்வாக வரும். அதை அடுத்த வாரம் அத்தாதான் போடுகிறார், வேறு ஆள் பார்க்கலாம் என்றவர்களுக்கு, ஏன் நான் என்ன செத்தா போயிட்டேன் என்றாராம். வீட்டில் இரண்டாம் முறை தொழுவது நின்று மூன்று நாள் ஆகிறது.

குரூப்பில் இனி எதையும் எழுதுமுன், அதைச் செய்தவர் யார் என்று ஒருவரிடமாவது விசாரித்துவிட்டு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான வருமானமும் இரக்கமுள்ள நாக்கும் தருவானாக. ஒன்று மறந்துவிடாதே. அத்தாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்காதே, அதெல்லாம் ஒன்னுமில்லப்பா என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிடுவார். சதுரக் கல்லில் சாய்வாகக் கோடு போனால் ஓரத்தில் கல்லை எப்படி வெட்டுவீர்கள் அத்தா என்று கேள். கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை போனை வைக்காதே.

உன் நலம் நாடும் அம்மா,
சுராயா நசுருதீன்