ஏழாம் நாள் தங்கல்

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் நானும் உன் அம்மாவும் கோயிலுக்கு நடந்தே போகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அவள் நடக்கக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வழியைப் பன்னிரண்டு நாட்களாகப் பிரித்து, தங்கும் இடங்களை ஒரு தாளில் எழுதினேன்.

ஏழாம் நாள் தங்கல் உன் தெருவில். அது சுற்றுவழி. நேர்வழியில் பாலம் வேலை நடக்கிறது என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

நேற்று அந்தத் தாளைப் படித்தாள். விரல் ஏழில் வந்து நின்றது. உன்னை வீட்டைவிட்டு விரட்டியவன் நான். நான்கு வருடமாக உன் பேச்சையே எடுக்கவிடாதவனும் நான்தான்.

"பாலம் வேலையெல்லாம் ஒண்ணும் நடக்கலை. பால்காரர்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள்.

நான் தாளை மடித்து வைக்கப் போனேன். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் ஒண்ணா சேர்த்துடுங்க. அன்னைக்கு நான் பத்து கிலோமீட்டர் நடப்பேன். ஒரு நாள் முன்னாடியே அவளைப் பார்த்துடலாம்."

"உடம்பு தாங்காது" என்றேன்.

"இத்தனை நாள் தாங்கலையா?" என்று கத்தினாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஆறாம் நாள் தங்கும் விடுதியின் முகவரியையும் தேதியையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளைப் பத்து கிலோமீட்டர் நடக்க வைக்காதே, நீயே அங்கே வந்துவிடு. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால், நீ போகும்வரை நான் வெளியில் நின்றுகொள்கிறேன்.

அப்பா