காசிம் மாமாவின் நிப்பு

ஜூலை 12, சனி. மட்டாஞ்சேரி.

மிளகு வியாபாரம் செய்த காசிம் மாமா இன்று மூன்றாவது முறையாகத் தன் பழைய மைப்பேனாவோடு, பேனா பழுதுபார்க்கும் என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மோளே, நிப்பு இப்பவும் கோணலா இழுக்குது. என் ஒப்பு பழைய கையெழுத்தோட சேரலைன்னு பேங்க்ல மறுபடியும் செக்கைத் திருப்பிட்டாங்க.”

மை நிரம்பும் ரப்பர் பையை மாற்றியாயிற்று. உள்ளே காய்ந்திருந்த மையைக் கழுவியாயிற்று. நிப்பையும் தேய்த்தாயிற்று. இனி அதில் செய்ய ஒன்றுமில்லை. நான் கொடுத்த சாயா அவர் கையிலிருந்து சட்டையில் தளும்பிச் சிந்தியது. அவர் கவனிக்காததுபோல் இருந்தார். நானும் அப்படியே இருந்தேன்.

“வச்சிட்டுப் போங்க மாமா, சரியாக்கித் தரேன்” என்று சொல்லித் தொலைத்தேன். திங்கட்கிழமை வந்து நிற்பார். என்ன சொல்வேன்?

இதை அவர் பேனாவால்தான் எழுதுகிறேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.