அண்ணனின் கால்பட்டை

மார்ச் 4
வெட்கக்கேடுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அண்ணன் எங்கே இருக்கிறார் என்று திரையில் காட்டும் கால்பட்டையை, அவர் குளிக்கையில் கழற்றியதை, விளையாட்டாக என் காலில் மாட்டிக்கொண்டேன். மறந்துபோய், அப்படியே பெண்கள் குளியலறைக்கு அழுக்குத் துணி எடுக்கப் போய்விட்டேன். நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.
"உங்க அண்ணன் உள்ள இருக்காருன்னு காட்டுதுண்ணே!"
"அவருக்கு ஏதும்மா அவ்வளவு தைரியம்? நான்தான்."
நல்ல திட்டு.

மார்ச் 9
இந்த முதியோர் இல்லத்தில் எனக்குச் சலவை வேலை, அண்ணனுக்கு ஒரு கட்டில். நினைவு போனாலும் அவர் கால் ஓயவில்லை. நாள் முழுக்க நடை. நடக்கும்போது மட்டும்தான் என்னை அடையாளம் தெரிகிறது. "டேய் வாலு" என்பார்.

இன்று பட்டையின் சிக்னலைச் சரிபார்க்க வயர்காரர் வந்திருந்தார். "சுவருக்குச் சுவர் சிக்னல் பெட்டி இருக்குல்ல? நடக்க நடக்க, பட்டை ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடிக்கணும். புதுக் கட்டடத்துக்குப் போற நடைபாதையில மட்டும் பிடிக்க மாட்டேங்குது. ஆளு போயிட்டாரு, திரையில இன்னும் ரூம்லயே இருக்காரு."
"எங்க வீட்டு ஆளு கால்லதானே கட்டியிருக்கு, பிடிச்சதை விடாது" என்றேன். சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை.
"இன்னொரு தடவை காணாம போனா பூட்டின அறைதான்."
பூட்டிவிட்டால் அண்ணன் எங்கே நடப்பார்?

மார்ச் 15
காணோம்.

மார்ச் 16
நேற்று மத்தியானம் முழுக்கத் தேடினோம். கட்டிலில் இருக்கிறார் என்றே திரை சாதித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொட்டும் மழையில் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே, குளிக்க வந்தியா?" என்றேன். உடம்பெல்லாம் குளிர் நடுக்கம். இப்போது காய்ச்சல், நெஞ்செல்லாம் சளி.

மார்ச் 18
நடைபாதையில் பெட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதை மறைத்தபடி ஒரு வண்டி நிறைய ஈரப் போர்வை.
"ஈரத்துணி சிக்னலைக் குடிச்சிடும். பட்டைக்குப் பெட்டி இருக்கிறதே தெரியாது" என்றார் வயர்காரர். "யாரு இங்க நிறுத்துறது?"
நான். உலர்த்தப் போகுமுன் அங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவேனே, தினமும் — வேற யாரு? நான்தான். நானேதான் கெடுத்தேன்.

மார்ச் 19
வண்டியை இடம் மாற்றினேன்.

ஏப்ரல் 2
காய்ச்சல் இறங்கிவிட்டது. அண்ணன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பூட்டின அறை இனித் தேவையில்லை என்று மேலாளரே சொன்னார், அன்பாகத்தான். என்ன கிண்டல் செய்தாலும் அண்ணன் சுவரைப் பார்க்கிறார். வாலு என்று ஒரு தடவை சொல்லேன்.

ஏப்ரல் 11
கால் வீங்கியிருப்பதால் பட்டையைக் கழற்றிக் கால்மாட்டில் வைத்திருந்தார்களாம். எனக்குத் தெரியாது. விரிப்பைச் சுருட்டி, நடைபாதை வழியாகப் புதுக் கட்டடத்துக்கு எடுத்து வந்து, சலவை மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். பழைய கட்டடத்திலிருந்து நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள்.
"அண்ணே, உங்க அண்ணன் நடக்குறாரு! நடைபாதையைத் தாண்டிட்டாரு, ஒரு இடத்துலகூட விட்டுப்போகல! இங்கதான் இருக்காருன்னு காட்டுது!"
துவைத்து முடியும்வரை மெஷின் கதவு திறக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். கண்ணாடிக்குள் பட்டை சுற்றிச் சுற்றி வந்தது.