நுளம்பின் வாயில் ஆறு ஊசிகள்

நேற்று எனக்குப் பல்வலி. மனைவி பஞ்சில் கிராம்பு எண்ணெய் நனைத்து ஈறில் வைத்தாள். வலி அடங்கவில்லை, நீர்தான் நினைவில் வந்து நின்றீர். நம்முடைய ஆய்வுக்கூடம் முழுக்க அந்த வாசம்தானே. கண்ணாடித் தகட்டில் பூச்சி தெளியட்டும் என்று நாள் முழுதும் அதைச் சொட்டிக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் தங்கியவர்கள் நாம். இருவருக்கும் பூச்சி வரையும் வேலை. என் கோடு சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீர் பேனா பிடித்தால் மை சிந்தும். இரத்தம் குடிக்கும் பெண் நுளம்பின், அதுதான் கொசுவின், வாயை வரையச் சொன்னார் வெள்ளைக்காரத் துரை. நல்ல படம் கூடத்துச் சுவருக்குப் போகும். அந்தச் சுவர் எனக்கே வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

காய்ந்த நுளம்பைப் பார்த்து ஒரே ஊசியாக வரைந்தேன். அழகான படம். நீரோ அதன் தலையை, சதை கரைக்கும் காரத் தண்ணீரில் ஊறவைத்து, முள்முனையால் மெல்லப் பிரித்தீர். காய்ந்ததில் எல்லாம் ஒட்டிக் கிடந்திருக்கிறது. உறைக்குள் ஆறு ஊசிகள். பக்கத்தில் ஒரு கரப்பானின் வாயையும் பிரித்துவைத்து என்னைக் கூப்பிட்டீர். மேலுதடு, பெரிய தாடை இரண்டு, சின்னத் தாடை இரண்டு, நாக்கு. கரப்பானில் மெல்லுகிற அதே உறுப்புகள்தான் நுளம்பில் ஊசிகள். உறையாக இருந்தது கீழுதடு.

"ஒண்டும் கூடேல்லை, ஒண்டும் குறையேல்லை. இழுத்து நீட்டினது மட்டும்தான். ரெண்டுக்கும் பூட்டன் ஒராள்தான், பாரும்" என்றீர்.

துரை உம்முடைய மை சிந்திய படத்தையே மாட்டினார். கை குலுக்கிவிட்டு என் படத்தைச் சுருட்டி மேசைக்கடியில் போட்டேன். அன்று மாலை நீரே எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தீர். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறு வருஷம் கிள்ளான் சதுப்பில் நுளம்பு பிடிக்கப் போய்க் காய்ச்சலோடு வந்தீர், பிறகு எழும்பவேயில்லை. அழுதேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் உம் படத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்களே, அப்போது அழுகை போய் எரிச்சல் வந்துவிடும். செத்தவரோடு என்ன போட்டி என்கிறாள் மனைவி. அவளுக்கு உம்மைத் தெரியாது.

போன மாதம் ஒரு வண்ணத்துப்பூச்சியின் சுருள் குழாயைப் பிரித்தேன். சின்னத் தாடைகள் இரண்டும் நீண்டு, அரைக் குழாய்களாக ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெரிய தாடைகளைத் தேடினேன். இல்லை. குறைகிறது, ஐசே. தேன் குடிக்கிற வம்சத்துக்குக் கடிக்கிற தாடை எதற்கு, காலப்போக்கில் போய்விட்டது. ஒண்டும் குறையேல்லை என்று நீர் சொன்னது பிழை.

துரை மனம்விட்டுப் பாராட்டினார். எனக்கு அது ருசிக்கவேயில்லை. உம்முடைய முகம் அல்லவா சுருங்கியிருக்க வேண்டும். ஒருநாளாவது நீர் என்மேல் பொறாமைப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.